மல்லாட்டைக்கு எந்தச் சுண்ணாம்புச் சத்து?
(வானொலி உரை)

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "செடி நல்லாத்தான் தழைச்சுது. காயும் கொத்துக் கொத்தா இருக்கு. உடைச்சுப் பார்த்தா பாதி பொக்கு." வறட்சி, பூச்சி என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் நம்ம செவ்வல், மணல்சாரி நிலங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுண்ணாம்புச் சத்துக் குறைவைத்தான்.

இந்தச் சத்துக்கு ஒரு விநோதமான குணம். வேர் உறிஞ்சியது தண்ணீரோடு இலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். திரும்பிக் கீழே காய்க்கு வராது. மண்ணில் இறங்கிய விழுதும் காயும் தங்களைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஆகவே, இலையில் தெளிக்கிற கால்சிய மருந்து டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். அது இலையோடு நின்றுபோகும்.

பொக்கு விழுவதோடு நஷ்டம் முடிவதில்லை. பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே முளைக்குருத்து கறுத்திருந்தால் அதை விதைக்கு எடுத்துவைக்க வேண்டாம், முளைப்பு குறையும்.

சரி, எதைப் போடுவது? சுண்ணாம்புக்கல் பொடி மெதுவாகத்தான் கரையும். புளிப்பு நிலத்துக்கு அது சரி, அதுவும் விதைப்புக்கு முன்பே. சுக்கான்கல் கலந்த நிலத்தில் போட்டால் செடிக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் இலை வெளுக்கும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு சுண்ணாம்பும் கந்தகமும் இருக்கிறது. டி.ஏ.பி.யில் இரண்டும் இல்லை. சூப்பரை விட்டு டி.ஏ.பி.க்கு மாறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு ஏற்றது ஜிப்சம். சுத்தமானதில் நூற்றுக்குச் சுமார் 23 பங்கு கால்சியம், 18 பங்கு கந்தகம். மண்ணின் காரத்தை ஏற்றாது, ஈரம் இருந்தால் சீக்கிரம் கரையும். கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் உதவும். வாங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கிறது.

அளவு ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை மூன்றுக்குச் சற்று மேல். இறவைப் பயிரென்றால் விதைத்த 40–45ஆம் நாளில் செடியின் அடியில் தூவி, கொத்தி, மண் அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு களைக்கொட்டு வேண்டாம். இறங்குகிற விழுது அறுந்துபோகும். அதே சமயத்தில் பொட்டாஷை மேலுரமாகப் போடுவதும் கூடாது. காய் இருக்கிற மண்ணில் அது சுண்ணாம்போடு போட்டி போடும்.

"மானாவாரிக்காரன் நான், மழைக்கு எங்கே போவேன்?" என்று கேட்பீர்கள். ஆடிப்பட்டத்தில் 40ஆம் நாள் மண் காய்ந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். ஈரம் பார்த்து 75 நாள் வரைக்கும் போடலாம். தாமதமானால் மண்ணைக் கிளறாமல் தூவிவிடுங்கள், அடுத்த மழை கரைத்துக்கொள்ளும்.

டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ரகங்களைச் சொல்கிறோமே, அந்த டி.எம்.வி. என்பதே திண்டிவனம்தான். பெருவிதை ரகம் போடுகிறவர்கள் ஜிப்சத்தைத் தள்ளிப்போடவே கூடாது, பருப்பு பெருக்க அதற்குச் சுண்ணாம்பு இன்னும் கூடுதலாக வேண்டும்.