சமூகப் பிரச்சினை உருவாகும் விதம்: திருத்தணி எல்லைப் பகுதியை முன்வைத்து

ஒரு சமூகத்தில் பலருக்குத் துன்பம் தரும் ஒரு நிலையை மாற்ற வேண்டியது எல்லோரின் பொறுப்பு என்று அச்சமூகம் ஏற்கும்போது, அது சமூகப் பிரச்சினை எனப்படுகிறது. துன்பம் இருப்பது மட்டும் இதற்குப் போதாது. நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த துன்பங்கள் ‘வழக்கம்’, ‘விதி’, ‘குடும்ப விவகாரம்’ என்ற பெயர்களில் கேள்வியின்றி இருந்திருக்கின்றன. வேறு சில, ஓரிரு ஆண்டுகளிலேயே நாடாளுமன்றம் வரை சென்றிருக்கின்றன. இந்த வேறுபாடு எதனால் ஏற்படுகிறது என்பதை, தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் உள்ள திருத்தணிப் பகுதியின் இரு எடுத்துக்காட்டுகள் மூலம் இக்கட்டுரை விளக்குகிறது.

சமூகவியலாளர் கருத்துகள்

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் தனிமனிதத் தொல்லையையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்துக் காட்டினார். ஒரு இலட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவரது தொல்லை. ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது பொதுப் பிரச்சினை. அதன் காரணத்தைத் தனிமனிதரின் குணத்தில் தேட முடியாது.

எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை என்றார் ஹெர்பர்ட் புளூமர். 1971இல் அவர் ஐந்து கட்டங்களைக் குறிப்பிட்டார்: ஒரு நிலை பிரச்சினையாகத் தலைகாட்டுவது, பேசத்தக்கது என்ற ஏற்பைப் பெறுவது, அதற்காக மக்கள் திரள்வது, அரசு திட்டம் வகுப்பது, நடைமுறையில் அத்திட்டம் உருமாறுவது. இவற்றில் எந்தக் கட்டத்திலும் ஒரு பிரச்சினை நின்றுபோகலாம். 1977இல் ஸ்பெக்டர், கிட்சூஸ் ஆகியோர், “இது தவறு, மாற்றுங்கள்” என்று கோருபவர்களின் செயலே சமூகப் பிரச்சினையை உருவாக்குகிறது என்றனர். அப்படியானால் கோருவதற்கு ஆளில்லாத துன்பம் என்னவாகும் என்ற கேள்வி எழுகிறது.

முதல் எடுத்துக்காட்டு: எல்லைப் பிரச்சினை

திருத்தணிப் பகுதியில் தமிழரும் தெலுங்கரும் நெடுங்காலமாகக் கலந்து வாழ்கின்றனர். முருகன் மலைக்கு ஆடிக் கிருத்திகையில் காவடி எடுப்போரில் இரு மொழியினரும் உண்டு. திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தபோதும், அம்மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாகவே இருந்ததால், எல்லை பற்றிய கேள்வி பெரும்பாலோரின் அன்றாட வாழ்வைத் தொடவில்லை.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்து, சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தபோது நிலைமை மாறியது. அலுவலகம், பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழி எது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கவலையானது. இக்கவலையைக் கோரிக்கையாக்க ஆட்கள் இருந்தனர். ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. அப்பகுதியில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் மக்களைத் திரட்டினார். வேங்கடத்தைத் தமிழகத்தின் வடஎல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரம் கோரிக்கைக்கு வரலாற்று வலுவைத் தந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிவாரி எண்கள் அதை அளக்கக்கூடியதாக்கின.

பின்னர் எச். வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துப் பரிந்துரை அளித்தார். அதன்படி 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகள் ஆந்திராவுக்குச் சென்றன. திருப்பதி வரை கேட்ட போராட்டத்துக்குத் திருத்தணி கிடைத்தது. கோரிக்கை திட்டமாகும்போது உருமாறும் என்ற புளூமரின் கருத்துக்கு இது பொருந்துகிறது. எப்படியாயினும் ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு முடிவு கிட்டியது.

இரண்டாம் எடுத்துக்காட்டு: மாத்தம்மா வழக்கம்

இதே எல்லைப் பகுதியில், திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில், அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களிடையே வேறொரு வழக்கம் பதிவாகியுள்ளது. பெண் குழந்தை நோயுற்றால், பிழைத்தால் மாத்தம்மா தெய்வத்துக்கு விட்டுவிடுவதாகப் பெற்றோர் வேண்டிக்கொள்கின்றனர். பின்னர் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டப்படுகிறது. வளர்ந்ததும் திருவிழாக்களில் ஆட வேண்டும். மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது ஊர் வழக்கு. இப்பெண்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதும், அவர்களின் குழந்தைகள் தந்தை பெயரின்றி வளர்வதும் பதிவு செய்யப்பட்டுள்ளன.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1936இல் அதுபற்றி நாவலும் எழுதினார். பெங்களூரு நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் சிலர், தம்மை விலைமகளிராகச் சித்திரிப்பதை மறுத்து எதிர்த்தனர். நீண்ட விவாதத்துக்குப் பின் 1947இல் சென்னை தேவதாசிகள் சட்டம் நிறைவேறியது. அப்போது சித்தூரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஆந்திரப் பிரதேசம் 1988இல் தனிச் சட்டம் இயற்றியது.

அவ்வாறிருந்தும் 2017இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம், மாத்தம்மா வழக்கம் தொடர்வதாக வந்த புகாரின்மீது தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச அரசுகளிடம் அறிக்கை கேட்டது. சட்டம் பிறந்து 70 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேறுபாட்டுக்கான காரணங்கள்

ஒன்று, பேசுவோர். எல்லைக் கோரிக்கைக்குக் கட்சியும் தலைவர்களும் இருந்தனர். பெருங்கோயில் தேவதாசிகளிடையே ஒழிப்பை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதவும் பேசவும் வல்லவர்கள் இருந்தனர். மாத்தம்மாவாக விடப்பட்ட ஏழைத் தலித் பெண்ணுக்கு அந்த வாய்ப்புகள் இருக்கவில்லை.

இரண்டு, பதிவேடு. பெருங்கோயில் தேவதாசிகளுக்கு மானிய நிலம் இருந்ததால் அவர்கள் அரசின் கணக்கில் இருந்தனர். 1929இல் நடந்த முதல் சட்டத் திருத்தமே அந்த நிலம் பற்றியதுதான். சேரியின் சிறு கோயிலுக்கு அத்தகைய பதிவு ஏதும் தேவைப்படவில்லை. கணக்கில் வராததை அரசு எளிதில் காண்பதில்லை.

மூன்று, பெயர். 1947ஆம் ஆண்டுச் சட்டம் போகம், களவந்துலு, சானி போன்ற சமூகங்களை எடுத்துக்காட்டாகப் பெயரிட்டது. சட்டத்தின் தடை எவருக்கும் பொருந்தும் என்றாலும், ‘தேவதாசி’ என்றதும் மக்கள் மனத்தில் எழுந்த உருவம் பெருங்கோயில் நடனப் பெண்ணுடையது. ‘மாத்தம்மா’ என்ற பெயர் அந்த உருவத்துக்குள் அடங்கவில்லை.

நான்கு, முடிந்துவிட்டது என்ற எண்ணம். சட்டம் வந்ததும் பிரச்சினை ஒழிந்ததாகக் கருதப்படுகிறது. ஒழிந்ததாக ஏட்டில் உள்ள ஒன்று இன்னும் நடக்கிறது என்று ஒப்புக்கொள்வது எந்த நிர்வாகத்துக்கும் எளிதன்று.

இவற்றுடன், முதல் பிரச்சினைக்குத் தீர்வாக வந்த எல்லைக்கோடே இரண்டாவது பிரச்சினையைச் சிக்கலாக்குகிறது. உறவும் திருவிழாவும் கோட்டைத் தாண்டிச் செல்கின்றன; சட்டமும் காவல்துறையும் நலத்திட்டமும் கோட்டோடு நின்றுவிடுகின்றன. அதனால் இரு அரசுகளும் சேர்ந்து செயல்பட்டாலன்றி இவ்வழக்கத்தை முழுமையாகக் கணக்கெடுக்கவும் முடியாது.

நாம் கவனிக்க வேண்டியவை

கோருவதற்கு ஆளில்லாததால் துன்பம் இல்லாமல் போவதில்லை. அது பொதுப் பேச்சுக்கு வெளியே நீடிக்கிறது. ஆகவே ஒரு சமூகத்தின் பிரச்சினைகள் எவை என்று ஆராயும் மாணவர், நாளிதழ்த் தலைப்புகளோடும் சட்டங்களின் பட்டியலோடும் நிற்கலாகாது. சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இதைப் பிரச்சினை என்று முதலில் சொன்னவர் யார்? பாதிக்கப்பட்டவரின் குரல் அதில் உண்டா? எந்தக் கணக்கில் இது பதிவாகிறது? சட்டம் வந்தபின் யாருடைய வாழ்வு மாறியது, யாருடையது மாறவில்லை? திருத்தணி எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1960இல் விடை கிடைத்தது. அதே மண்ணில் ஒரு பெண் குழந்தையின் வாழ்வை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வி, 2017இலும் விடை தேடி ஆணையத்தின் முன் நின்றது.