நகத்துக்கு அடியில் ஒரு நூற்கண்டு

மார்கழி மாதத்துக் காலை. பெருந்துறையை அடுத்த சென்னிமலையில், தறிக்குத் தார் சுற்றும் ஒரு பெண்மணி தொட்டித் தண்ணீரில் கையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுகணமே மோதிர விரல் நுனியில் சுரீரென்று ஒரு வலி! விரலைப் பார்த்தால் வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. வீட்டார் "நகச்சுத்திதான், எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்" என்பார்கள். எத்தனை பழம் செருகினாலும் இந்த வலி அடங்காது.

நம் விரல் நுனியில், நகத்துக்கு அடியில், நுண்ணிய இரத்தக்குழாய்ச் சுருள்கள் பல உள்ளன. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் நேராகப் பாய இவை குறுக்குவழியாகும். குளிருக்கும் வெப்பத்துக்கும் ஏற்பச் சுருங்கியும் விரிந்தும் உடலின் வெப்பத்தைக் காக்க உதவுகின்றன. இவற்றின் பெயர் 'குளோமஸ்'. இலத்தீன் மொழியில் இதற்கு நூற்கண்டு என்று பொருள். நெசவாளர் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்!

இச்சுருளின் உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் குளோமஸ் கட்டி உண்டாகிறது. பெரும்பாலும் அது சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. ஆனால் மேலே நகம், கீழே எலும்பு. இடையில் கட்டி விலக இடமேது? நடுத்தர வயதுப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

1812-இல் எடின்பரோ நகர மருத்துவர் வில்லியம் வுட், வலி தரும் இத்தகைய சிறு முடிச்சுகளை விவரித்தார். அவை எந்த உயிரணுக்களிலிருந்து தோன்றுகின்றன என்பதை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் மாசோன், ஆண்டு 1924.

இதைக் கண்டுபிடிக்கும் முறைதான் சுவையானது. குண்டூசியின் தலையால் நகத்தின் மேல் அங்குமிங்கும் மெல்ல அழுத்துவார் மருத்துவர். ஓரிடத்தில் அழுத்தும்போது நோயாளி துள்ளிவிடுவார். ஒரு மயிரிழை தள்ளி அழுத்தினால் பேசாமல் இருப்பார். அமெரிக்க மருத்துவர் கிராஃப்டன் லவ் 1944-இல் கூறிய சோதனை இது. அடுத்து, கையை உயர்த்தி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் கட்டிக் காற்றடைப்பார்கள். இரத்தம் தடைப்பட்டதும் வலி குறைகிறது. பட்டையைத் தளர்த்தியதும் திரும்புகிறது. வலியின் வேர் இரத்தக்குழாயில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? பனிக்கட்டியை வைத்தால் வலி கூடுவது மூன்றாவது அடையாளம்.

எக்ஸ்ரே படத்தில் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. சிலருக்கு மட்டும் எலும்பில் சிறு குழிவு தெரியும். இதனால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். "எல்லாம் உன் மனப்பிரமை" என்ற சொல்லையும் கேட்க நேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வலி பொய் வலி என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்? இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியின் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஆயினும் முதலில் சந்தேகத்தைக் கிளப்புவது அந்தக் குண்டூசியே.

மருந்தால் இது கரையாது. விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தை விலக்கிக் கட்டியை முழுவதும் அகற்ற வேண்டும். துளி மிஞ்சினாலும் மீண்டும் வளரலாம். முழுவதும் நீங்கிவிட்டால் வலியும் போய்விடும். புது நகம் வளர ஆறு மாதம் வரை ஆகலாம். அதன் பிறகு மார்கழித் தண்ணீரிலும் அந்தப் பெண்மணி அஞ்சாமல் கையை விடலாம்.