கடலுக்கு முதுகு காட்டி ஒரு பயணம்

தூத்துக்குடிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பனிமய மாதா கோயிலைப் பார்ப்பார்கள், துறைமுகத்தை எட்டிப் பார்ப்பார்கள், மக்ரூன் வாங்கிக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறிவிடுவார்கள். முத்து எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சங்கு குளிப்பவர்கள்தான் இன்றும் கடலில் மூழ்குகிறார்கள்.

தீவுகளுக்குப் போகலாமா என்பது அடுத்த கேள்வி. நினைத்தபடி போக முடியாது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறை அனுமதியில்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையைப் பல்லாண்டு வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போகவே, விலாங்குச்சல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க அதைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். அங்கே நம் கால் படாமலிருப்பதே நல்லது.

வல்லநாட்டுக்குப் போகத் தடையில்லை. திருநெல்வேலிக்குப் போகும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் முட்புதர் மண்டிய ஒரு மொட்டை மலை. 1987இல் வெளிமான் சரணாலயமான இதன் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான். முறுக்கிய கொம்பு ஆண்மானுக்கு. வயது ஏற ஏற அதன் முதுகு கருக்கும். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மேய வரும். நண்பகலில் போனால் மலையை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு காடு இருப்பது நம் ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இந்தக் கரையைப் புரிந்துகொள்ள மேற்கே திரும்ப வேண்டும். சுவர்போல நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் நம் பக்கத்துக்கு இரண்டு வாசல்கள்: செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய், நாகர்கோவிலுக்கு முன்னால் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, இந்த இடுக்குகளில் வேகம் கூடி இறங்குகிறது. குற்றாலத்தில் அது சாரல், முப்பந்தலில் காற்றாலை மின்சாரம். தூத்துக்குடிக்கு வந்து சேரும்போது ஈரம் வற்றிய காற்றாகி, உப்பளப் பாத்திகளைக் காயவைக்கிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் முள்ளக்காட்டில் அமைந்ததும் இந்தக் காற்றை நம்பித்தான்.

ஆரல்வாய்மொழி ரத்தம் கண்ட கணவாய். திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படை, 1809 பிப்ரவரி 10 அன்று திருவிதாங்கூரின் அரண்களை இங்கேதான் உடைத்தது. இங்குள்ள காற்றாடிமலையில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அதன்பின் அந்த மலைக்குப் போகிறவர்கள் அதிகம்.

ஆரியங்காவின் கதை ரயிலோடு சேர்ந்தது. மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளுக்குப் பாலம் கட்டி, 1904இல் திருநெல்வேலியைக் கொல்லத்தோடு இணைத்தார்கள். பகவதிபுரத்தைத் தாண்டியதும் நீளமான குகை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த ஊரில் பிறந்து, கணவாய்க்கு அப்பால் புனலூரில் வனத்துறை வேலை பார்த்த வாஞ்சிநாதன்தான், வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் பங்குள்ள கலெக்டர் ஆஷ் துரையை 1911இல் மணியாச்சியில் சுட்டவர். துறைமுகத்தின் கோபம் கணவாய்வரை போய்த் திரும்பி வந்தது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

ஆரியங்காவு வழியான மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகி 2018இல் மறுபடி திறந்தது. பாலக்காட்டிலிருந்து வரும் பாலருவி எக்ஸ்பிரஸை 2024இல் தூத்துக்குடிவரை நீட்டினார்கள். ஆனால் போகும்போதும் வரும்போதும் அது மலையைக் கடப்பது நள்ளிரவுக்குப் பிறகு. குகையும் இருட்டு, வெளியேயும் இருட்டு. பாலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தென்காசிக்கோ செங்கோட்டைக்கோ பஸ்ஸில் போய், கொல்லம் மார்க்கத்தில் பகல் ரயில் பிடிப்பதே இப்போதைக்கு வழி. சாரல் காலத்தில், ஜூனிலிருந்து ஆகஸ்ட்டுக்குள் போவது நல்லது. ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒருமுறையாவது தூத்துக்குடியிலிருந்து செங்கோட்டை வழியாகப் பகலில் ஒரு ரயில் விடுவது தெற்கு ரயில்வேக்கு முடியாத காரியமல்ல. தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது, கால அட்டவணையில் ஓர் இடம்தான் வேண்டும்.