வேலை கைமாறும்போது வேலையாள் என்னாவார்?

கல்மடுக் குளத்தின் கீழ் ஒருவர் குத்தகைக்கு வயல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் அந்த வயலை வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். வாங்கியவர் வரம்பில் வந்து நின்று, "இனி நீர் இறங்கும்" என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் தொடக்கம் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, நெற்காணி கைமாறினாலும் குத்தகை விவசாயியின் உரிமை அதனோடு அழிவதில்லை. இது நமது விவசாயிகள் அறிந்த நியாயம். சம்பளத்துக்கு வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இந்த நியாயம் உண்டா என்பதே இங்கு நாம் பார்க்க விரும்புவது.

இடம்பெயர்ந்து காணியை இழந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று அடுப்பு எரிவது மகனோ மகளோ ஒரு தொண்டு நிறுவனத்தில் பெறும் சம்பளத்தால்தான். அவர்களுள் சிலர் சிறுவர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போவதும், பள்ளிக்கூடத்தில் மீண்டும் சேர்க்க அதிபரோடு பேசுவதும் அவர்கள் பணி. நன்னடத்தை அலுவலர் அரச உத்தியோகத்தர். அவர் கதிரை பாதுகாப்பானது. அவருக்குத் துணையாக அலையும் திட்டப் பணியாளருக்கோ பெரும்பாலும் ஒரு வருடக் கடிதம்தான்.

நாம் அறிந்த ஒரு பெண்பிள்ளை இத்தகைய திட்டமொன்றில் நான்கு வருடம் வேலை செய்தாள். நிதி வழங்குவோர் அதே வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதே கிராமங்கள், அதே பிள்ளைகள், அதே சைக்கிள். புதிய கடிதத்தில் கையொப்பமிட்டு மேலும் மூன்று வருடம் உழைத்தாள். திட்டம் முடிந்தபோது பணிக்கொடை கேட்டாள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத தொழிலாளரை வைத்திருக்கும் தொழில்தருநரிடம் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளமெனில், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். நான்கும் மூன்றும் ஏழு; ஆனால் ஒரே தொழில்தருநரிடம் ஐந்து இல்லை. வெறுங்கையோடு வந்தாள்.

இங்கிலாந்தில் இத்தகைய கைமாற்றம் சாதாரணம். அங்கே 1998இல் வந்த சட்டம், குற்றத்தில் அகப்பட்ட சிறுவருக்கென ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் குழு அமைக்க வேண்டும் என்றது. அவ்வேலையின் சில பகுதிகள் கேள்விகோரல் மூலம், அதாவது ரெண்டருக்கு, வெளியாருக்குக் கொடுக்கப்படுகின்றன. சிறுவர் தடுப்பு நிலையங்களும் அப்படியே. ரெயின்ஸ்புறூக் நிலையம் 2016 மே மாதம் ஒரு கம்பனியிடமிருந்து இன்னொரு கம்பனிக்கு மாறியது. மெட்வே நிலையம் அதே ஆண்டு ஜூலையில் கம்பனியிடமிருந்து அரசின் கைக்கு வந்தது.

இப்படியான வேளைக்கென அங்கு 1981இலேயே ஒரு விதி வந்தது. 'ரியூப்பி' என்று சுருக்கமாக அழைப்பார்கள். 2006இல் அதைத் திருத்தி எழுதியபோது, ஒப்பந்தம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதும் அதில் அடங்கும் என்று தெளிவாக்கினார்கள். வேலையோடு வேலையாளும் போகிறார். சம்பளம், லீவு, பழைய சேவைக்காலம் யாவும் கூடவே போகின்றன. கைமாற்றத்தையே காரணம் காட்டி நிறுத்தினால் அது நியாயமற்ற பணிநீக்கம். இரு தரப்பும் முன்கூட்டியே தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கு அறிவிக்கவும் வேண்டும்.

ஓட்டைகளும் உண்டு. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுத்தால் யார் யாரோடு போவது என்பதில் வழக்கு வரும். நிறுவன ஓய்வூதிய உரிமை பெரும்பாலும் அப்படியே போவதில்லை. ஆளணியைக் குறைக்கப் பொருளாதாரக் காரணம் காட்டவும் இடமுண்டு.

இதில் பணியாளரின் வயிறு மட்டும் சம்பந்தப்படவில்லை. அடிபட்ட பிள்ளை ஒருவரை நம்பி வாய்திறக்க மாதங்கள் எடுக்கும். ஆள் மாறினால் அவன் கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

நமது நாட்டில் இப்படியான பொதுச் சட்டம் இல்லை. திருச்சபை சார்ந்த நிறுவனங்களும் திட்டக் கடிதத்திலேயே ஆள் எடுக்கின்றன என்பதை நாம் மறைப்பதற்கில்லை. ஆகவே கைமாறும் நாளில் விழிப்பு வேண்டும். புதிய கடிதத்தில் கையொப்பமிடுமுன், "முன்னைய சேவைக்காலம் தொடர்ச்சியாகக் கொள்ளப்படும்" என்ற ஒரு வரியைக் கேளுங்கள். பழைய நிறுவனத்திடம் சேவைச் சான்றிதழ் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதி பணியாளரின் பெயரிலேயே இருப்பதால் தொழில்தருநர் மாறினாலும் அழியாது. ஆனால் தொழில்தருநரின் 12 வீதமும் உங்கள் 8 வீதமும் உண்மையில் கட்டப்பட்டனவா என்று தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள். நியாயமின்றி நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடம்பெயர்வில் காணி உறுதியைத் துணியில் சுற்றிக் காத்த பெற்றோர், பிள்ளையின் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் அதே பெட்டியில் வைக்கலாம்.