பலி ஒன்று, விளக்கம் இரண்டு

நமது கற்பிட்டிக் கரையில், தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குத் திரளும் கத்தோலிக்கரை அறிவோம். ஆயினும் கிறிஸ்தவர் யாவரும் ஒரே கொள்கையினர் என எண்ணி விவாதிக்கும் வாலிபர் நம்மிடையே உளர். பெற்றோரும் அவ்வாறே கூறி விடுகின்றனர்.

ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் பலியானார்கள் என்பதே அவ்விரு சாராரின் நம்பிக்கை. அப்பலியின் பயன் மனிதனை எவ்வாறு வந்தடைகிறது என்பதில்தான் பிணக்கு. பூசை மெய்யான பலியே என 1562இல் திரெந்து சங்கம் வரையறுத்தது. சிலுவையின் அதே பலி, குருவின் கரத்தால் இரத்தமின்றி ஒப்புக்கொடுக்கப்படுகிறது, மரித்தோருக்காகவும்தான். இயேசு நாள்தோறும் மீண்டும் கொல்லப்படுவதாக அவர்கள் கூறுவதில்லை. நம்மவர் சிலர் அப்படிப் பேசுவது பிழை. புரட்டஸ்தாந்தரோ, பலி ஒரே தடவையில் நிறைவுற்றது, பலியிடும் குரு இனி வேண்டியதில்லை, விசுவாசமே போதும் என்பர்.

இது ஏட்டோடு நின்ற பிணக்கன்று. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என 1658இல் ஆணையிட்டனர். போர்த்துக்கேயர் பற்றிய அச்சமும் அதில் கலந்திருந்தது. எனினும் குருவின்றிப் பூசை இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் மறைந்து திரிந்தே பூசை நிறைவேற்றினார்.

நமது அகீதா வேறு. ஈஸா (அலை) கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை. ஒருவரது பாவச்சுமையை மற்றவர் சுமப்பதுமில்லை. நாம் கொடுக்கும் உழ்ஹிய்யாவிலும் அல்லாஹ்வைச் சேர்வது இரத்தமன்று, தக்வாவே.