மதுவும் இருதயத் தசையும்

மதுவினால் ஈரல் கெடும் என்பதைப் பாமரரும் அறிவர். இருதயம் கெடும் என்பதைக் கற்றாரிற் பலரும் அறியார்.

ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரிலே, ஆளொன்றுக்கு ஆண்டிற்கு 432 லீற்றர் பியர் செலவான காலத்தில், பொலிங்கர் என்னும் நோயியல் அறிஞர் பெருங்குடியரின் இருதயம் பருத்தும் விரிந்தும் இருக்கக் கண்டு 1884 இல் வெளியிட்டார். 'மியூனிக் பியர் இருதயம்' என அது பெயர் பெற்றது. எனினும், மதுவே நஞ்சா, அன்றிக் குடியரின் ஊட்டக் குறைவா காரணம் என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. உயிர்ச்சத்து பி1 குறைவால் வரும் பெரிபெரியும் இருதயத்தை வீங்கச் செய்யும் அன்றோ? (அப்பெயர் சிங்களச் சொல்லினின்று பிறந்ததென்பர்.) 1965–66 இல் கனடாவின் கியூபெக் நகரிலே, பியரின் நுரை நிலைத்தற்பொருட்டுக் கோபால்ற்று உப்பைச் சேர்த்தமையால் 48 பேர் இருதய நோயுற்று, அவருள் 20 பேர் இறந்தனர், குழப்பம் மேலும் மிகுந்தது. நன்றாக உண்பவரிடத்தும், கலப்பற்ற மதுவினாலும் இக்கேடு விளையும் என்பது இன்று தெளிவு.

இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிப்பது. ஓய்வறியா அத்தசையின் கலங்களில், சக்தியை ஆக்கும் இழைமணிகள் நெருங்கிக் கிடக்கின்றன. மதுசாரமும், அது சிதையும்போது தோன்றும் அசற்றல்டிகைட்டும் இவற்றைப் பழுதாக்குகின்றன. தசை சுருங்குதற்கு வேண்டிய கல்சியத்தின் போக்குவரவைக் குலைக்கின்றன. புதிய புரதம் ஆக்கப்படுவதையும் தடுக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கலங்கள் சில மடிய, அவ்விடத்தை நாரிழையம் நிரப்பும். நாருக்குச் சுருங்கும் ஆற்றல் இல்லை. ஆகவே இடது இதயவறை பழந்துருத்தி போலத் தொய்ந்து அகலுகின்றது.

நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல், ஐந்தாண்டிற்கு மேல் அருந்தினோரிடத்தே இந்நோய் பெரும்பாலும் காணப்படும் என மருத்துவ நூல்கள் கூறும். கிராமக் கணக்கு நம்மவர்க்கு எட்டாது. அரைப் போத்தல் என்றால் விளங்கும். நூற்றுக்கு 33 பங்கு மதுசாரம் எனக் கொண்டால், 375 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறக்குறைய 98 கிராம் உண்டு. கசிப்பின் அளவை யார் அறிவார்?

வட்டவளை இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. 'குளிருக்கு ஒரு மடக்கு' என்பது இங்கே கூறப்படும் நியாயம். உண்மையில் மது தோலின் குருதிக்கலன்களை விரித்து உடற்சூட்டை வெளியேற்றுகின்றது. உடல் வெப்பமுற்றதாகத் தோன்றுவது மயக்கமே. நோயின் முதற்குறியும் இங்கே எளிதில் மறைந்துவிடும். மலையேற்றத்தில் மூச்சு வாங்காதவர் யார்? ஆயினும், சென்ற ஆண்டு ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இவ்வாண்டு மும்முறை நிற்க நேர்ந்தாலும், மாலையிற் கணுக்கால் வீங்கினாலும், படுத்தபின் மூச்சுத் திணறி எழுந்தாலும், அதனை வயதென்றும் குளிரென்றும் தள்ளுதல் தகாது. வைத்தியசாலையில் மார்புக் கதிர்ப்படமும் எக்கோ பரிசோதனையும் உண்மையைக் காட்டிவிடும்.

நார் மிகுமுன் குடியை அடியோடு விட்டவருள் பலருக்கு, மருந்தின் துணையுடன், இதயவறை சில மாதங்களிற் பெருமளவு தேறுகின்றது. பிற இருதயத் தசை நோய்கள் பலவற்றில் இவ்வாய்ப்பு அரிது. ஆனால் பல்லாண்டு குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம். ஆதலின் வீட்டார் போத்தலை மட்டும் பறித்துவிட்டு அமையாது, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.