பிரிட்டன் பென்ஷனோடு பூச்சோங் திரும்பலாமா? வெளிநாட்டு ஓய்வூதியமும் குடிநுழைவு விதிகளும்

1960, 70களில் தாதிமைப் பயிற்சிக்காக மலேசியாவில் இருந்து நிறைய இளைஞர்கள் பிரிட்டன் போனார்கள். பயிற்சி முடிந்ததும் பலர் அங்குள்ள என்எச்எஸ் மருத்துவமனைகளிலேயே வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, வீடு வாங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்களுக்குப் பின்னால் போன எஞ்சினியர்களும் அக்கவுண்டண்டுகளும் ஓய்வு வயதை நெருங்குகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பென்ஷனை வாங்கிக்கிட்டு பூச்சோங்கிலேயே வந்து இருந்திடலாமா?"

வரலாம். பென்ஷனும் மலேசியாவுக்கு வரும். ஆனால் அந்தத் தொகை அதோடு ஏறாது. அத்தைக்கு இன்னும் இருபது வருடம் ஆயுள் இருந்தாலும், கடைசி மாதமும் முதல் மாதத்துப் பணம்தான்.

இதை 'உறைந்த ஓய்வூதியம்' என்கிறார்கள். இன்னொரு பக்கம் மலேசியக் குடிநுழைவு விதிகள் இருக்கின்றன. ஒருவர் கையில் எந்த பாஸ்போர்ட் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவர் இங்கே குடிமகனாக இறங்குகிறாரா, சுற்றுப்பயணியாக இறங்குகிறாரா என்பது முடிவாகும். இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பென்ஷன் ஏன் உறைகிறது?

பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் குடியுரிமையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. அங்கே வேலை செய்த காலத்தில் 'நேஷனல் இன்சூரன்ஸ்' சந்தா எத்தனை வருடம் கட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. 2016 ஏப்ரலில் வந்த புதிய முறையின்படி, பொதுவாக 35 வருடக் கணக்கு இருந்தால் முழுத் தொகை. 10 வருடமாவது இல்லையென்றால் ஒன்றும் கிடையாது.

அந்தத் தொகை ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும். விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துவது அங்குள்ள நடைமுறை. பிரிட்டனில் வாழ்பவர்களுக்கு இது உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அமெரிக்கா, இன்னும் சில நாடுகளில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கும் உண்டு. மலேசியாவில் வாழ்பவர்களுக்கு இல்லை. பென்ஷனை ஆண்டுதோறும் உயர்த்திக் கொடுக்க இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை என்பதே காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் இருக்கும் பிலிப்பீன்ஸுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரே வார்டில் ஒன்றாக வேலை செய்த இரண்டு தாதிகளில் ஒருவர் மணிலாவுக்கும் மற்றவர் பூச்சோங்குக்கும் திரும்பினால், மணிலாக்காரருக்கு வருடா வருடம் ஏறும், பூச்சோங்காரருக்கு ஏறாது. சரி, சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்விடலாம் என்றாலும் பயனில்லை. இந்தியாவும் இலங்கையும் இதே உறைந்த பட்டியலில்தான் இருக்கின்றன. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடாவும் அப்படியே.

தொகையில் எவ்வளவு வித்தியாசம் வரும்? 2016இல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண்டு. 2025 ஏப்ரலில் அது 230.25 பவுண்டு. 2026 ஏப்ரலில் 241.30 பவுண்டு. 2016இல் முழு பென்ஷனோடு மலேசியாவுக்கு வந்து குடியேறியவருக்கு இன்னமும் 155.65 பவுண்டுதான் வருகிறது. வாரத்துக்கு 85.65 பவுண்டு குறைவு, வருடத்துக்கு ஏறக்குறைய 4,450 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு ஐந்தரை ரிங்கிட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 24,500 ரிங்கிட். பத்து வருடத்தில் வந்த இடைவெளி இது. இருபது வருடத்தில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் வாழ்க்கைச் செலவு குறைவு, ஆகவே சமாளித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் சில வருடங்களுக்கு அது உண்மைதான். ஆனால் அறுபத்தாறு வயதில் போதுமாக இருந்த பணம், எண்பத்தைந்து வயதில் வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டி வரும்போது போதுமா? செலவு ஏறுகிற வயதில் வருமானம் நின்றுபோவதுதான் இந்த விதியின் உண்மையான பாதிப்பு.

நீதிமன்றம் போகவில்லையா?

போனார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி, முழுச் சந்தாவும் கட்டியிருந்தும் தன் பென்ஷன் 2000இல் தொடங்கிய தொகையிலேயே நிற்பது பாரபட்சம் என்று வழக்குப் போட்டார். 2005இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரும் மற்ற சில ஓய்வூதியர்களும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010 மார்ச்சில் அங்கேயும் 11க்கு 6 என்ற கணக்கில் தோல்வி. பிரிட்டனின் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படும் ஒரு தொகையை வேறொரு நாட்டில், வேறொரு பொருளாதாரத்தில் வாழ்பவர் உரிமையாகக் கேட்க முடியாது என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் வாதத்தின் சாரம்.

சந்தா கட்டும்போது "எந்த நாட்டில் வயசாகப் போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. எடுப்பது எல்லாரிடமும் ஒரே மாதிரி, கொடுப்பது மட்டும் இடம் பார்த்து. இது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் சட்டம் இப்போதைக்கு இதுதான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. என்எச்எஸ்ஸில் வேலை செய்தவர்களுக்கு அரசு ஓய்வூதியம் போக, என்எச்எஸ் பென்ஷன் என்று தனியாக ஒன்று இருக்கும். அது வேலை சார்ந்த ஓய்வூதியம். எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அது விலைவாசியோடு ஏறும். ஆகவே அத்தையிடம் "பென்ஷன் எவ்வளவு?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். எது அரசு பென்ஷன், எது வேலை பென்ஷன் என்று பிரித்துக் கேளுங்கள். முன்னது உறையும், பின்னது உறையாது.

உறைந்த தொகையும் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது அல்ல. பிரிட்டனுக்குப் போய்த் தங்கியிருக்கும் நாட்களுக்கு, கேட்டுக்கொண்டால், அன்றைய முழு விகிதத்தில் கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் பழைய தொகைதான். நிரந்தரமாகவே அங்கு திரும்பிப் போனால் இன்றைய தொகைக்கு உயர்ந்துவிடும். ஆனால் 'திரும்பிப் போக முடியுமா?' என்பது பாஸ்போர்ட் சம்பந்தப்பட்ட கேள்வி.

சிவப்பு பாஸ்போர்ட் கையில் இருந்தால்

நம்முடைய பாஸ்போர்ட்டும் சிவப்புதான். எனவே சொல்ல வருவதை நேராகவே சொல்கிறேன். திரும்ப நினைப்பவர்கள் இரண்டு வகை.

முதல் வகை, மலேசியக் குடியுரிமையை விடாமல், பிரிட்டனில் ஐஎல்ஆர் எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு இருந்தவர்கள். இவர்களுக்கு இங்கே வருவதில் எந்தப் பிரச்னையும் இல்லை, மைகார்ட் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து இரண்டு வருடம் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் பொதுவாக ஐஎல்ஆர் காலாவதியாகிவிடும். அதனால் பென்ஷன் போகாது. ஆனால் பின்னாளில் அங்கே போய் வாழ்ந்து, உறைந்த தொகையை உயர்த்திக்கொள்ளும் வழி ஏறக்குறைய மூடிவிடும்.

இரண்டாவது வகை, பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தவர்கள். எப்போது வேண்டுமானாலும் அங்கே திரும்பலாம். ஆனால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சொந்த விருப்பத்தில் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க, கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆவது பிரிவு அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. "ரெண்டு பாஸ்போர்ட்டும் வெச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது" என்று சொல்கிற மாமாக்கள் இருக்கலாம். அந்த யோசனையை நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிடாதீர்கள்.

விட்ட குடியுரிமையைத் திரும்பப் பெறலாமா? கூட்டரசு அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் மீண்டும் குடிமகனாகப் பதிந்துகொள்ள முடியாது என்கிறது 18ஆவது பிரிவு. பூச்சோங்கில் பிறந்திருந்தாலும், சுங்கை வே தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர்.

அப்படியானால் எப்படித் தங்குவது? கணவனோ மனைவியோ மலேசியக் குடிமகனாக இருந்தால் நீண்டகால சமூக வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பலர் பார்ப்பது எம்எம்2எச் எனப்படும் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம். 2024இல் மாற்றியமைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் வெள்ளிப் பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும். குறைந்தது 600,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடும் வாங்க வேண்டும். அனுமதி ஐந்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். இதற்கு மேல், வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநில அரசுகள் தனியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கின்றன. பூச்சோங் இருக்கும் சிலாங்கூரில் அந்த வரம்பு 600,000 ரிங்கிட்டைவிட அதிகம். லண்டனில் வீட்டை விற்றுவிட்டு வருபவருக்கு இது முடியலாம். பென்ஷனை மட்டும் நம்பி வருபவருக்கு முடியாது.

மருத்துவச் செலவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அரசாங்க மருத்துவமனையின் பொது வெளிநோயாளர் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 40 ரிங்கிட். அறுவை சிகிச்சை, வார்டு என்று போனால் இடைவெளி இன்னும் பெரிது. பிரிட்டனை விட்டு நிரந்தரமாக வந்தவர்களுக்கு அங்கே என்எச்எஸ்ஸின் இலவச சிகிச்சையும் தானாகத் தொடராது, ஏனென்றால் அது அங்கு வசிப்பவர்களுக்கானது. எழுபது வயதுக்கு மேல் புதிதாகத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

வரியைப் பொறுத்தவரை பெரிய கவலை வேண்டாம். தனிநபர்கள் வெளிநாட்டில் இருந்து கொண்டுவரும் வருமானத்துக்கான விலக்கு, நிபந்தனைகளோடு, 2036 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்?

பெர்த்திலும் மெல்பர்னிலும் இருக்கும் உறவினர்களுக்குக் கணக்கு வேறு. ஆஸ்திரேலிய முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது 67. குறைந்தது 10 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். மலேசியாவோடு ஒப்பந்தம் இல்லாததால், விண்ணப்பிக்கும் நாளில் ஆஸ்திரேலியாவில் வசிப்பவராக, நேரில் அங்கே இருக்க வேண்டும். 60 வயதில் பூச்சோங் வந்துவிட்டு 67இல் இங்கிருந்து விண்ணப்பம் போடலாம் என்று நினைத்தால் நடக்காது. திரும்பிப் போய் விண்ணப்பித்து, உடனே கிளம்பி வந்துவிடலாம் என்றாலும் சிக்கல்தான். அப்படித் திரும்பி வந்து பென்ஷன் வாங்கியவர் இரண்டு வருடத்துக்குள் நாட்டை விட்டுப் போனால் பணம் நிறுத்தப்படலாம்.

முறையாகப் பெற்றுக்கொண்டு வெளியேறுபவருக்கு, 26 வாரங்களுக்குப் பிறகு, 16 வயதில் இருந்து ஓய்வு வயது வரை அங்கே வாழ்ந்த காலத்தை 35 வருடத்தோடு ஒப்பிட்டுத் தொகை குறைக்கப்படும். 20 வருடம் வாழ்ந்தவருக்கு 35இல் 20 பங்கு. ஆனால் அது பிரிட்டனைப் போல் உறைவதில்லை. சொத்து, வருமானம் இரண்டையும் பார்த்துக் கொடுக்கும் பணம் என்பதால், பூச்சோங்கில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடும் கணக்கில் வரும்.

சிங்கப்பூரில் இருப்பது பென்ஷன் அல்ல, சேமிப்பு. நிரந்தரவாசியாக இருந்தவர்களுக்குத்தான் மத்திய சேமநிதிக் கணக்கு இருக்கும். வேலை அனுமதியில் தினமும் ஜோகூர் பாலம் தாண்டிப் போய் வருபவர்களுக்கு அது இல்லை. நிரந்தரவாசத்தைத் துறந்து திரும்பும் தீபகற்ப மலேசியர்கள் பணத்தை எடுக்க, 50 வயது நிறைந்திருக்க வேண்டும், கடைசி இரண்டு வருடம் சிங்கப்பூரில் வேலை செய்திருக்கக் கூடாது என்பது நீண்டகாலமாக இருக்கும் நிபந்தனை. மகாதீர் காலத்தில் தண்ணீர், பாலம், ரயில் நிலம் ஆகியவற்றோடு இரு நாடுகளும் பேசிய பட்டியலில் இதுவும் இருந்தது.

உங்களுக்கு இன்னும் முப்பது வயதுதானா?

அப்படியென்றால் இது அத்தைக்கான விஷயம் மட்டும் இல்லை. இப்போது பிரிட்டனில் வேலை செய்யும் இளம் மலேசியர்கள் பலர் ஐந்தாறு வருடத்தில் திரும்பும் எண்ணத்தோடு இருக்கிறார்கள். 10 வருடக் கணக்கு இல்லாமல் திரும்பினால் கட்டிய சந்தாவுக்குப் பென்ஷன் இல்லை, பணமும் திரும்பி வராது.

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. மூன்று வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலே, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் மலேசியாவில் இருந்தபடி 'கிளாஸ் 2' என்ற மலிவான சந்தாவைத் தாங்களாகக் கட்டி மீதி வருடங்களை நிரப்பலாம். 2025-26இல் அது வாரத்துக்கு 3.50 பவுண்டுதான். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அந்தக் கதவை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். 2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு கிளாஸ் 2 கிடையாது. 2025-26இல் வாரத்துக்கு 17.75 பவுண்டாக இருந்த 'கிளாஸ் 3'ஐக் கட்டத் தொடங்குவதற்கும் இனி 10 வருடத் தொடர்பு வேண்டும். ஏழு, எட்டு வருடத்தில் திரும்ப நினைப்பவர்கள் இன்னும் இரண்டு வருடம் இருந்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இணையதளத்தில் உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவை இலவசமாகப் பார்க்கலாம். இப்போதைய சட்டப்படி உங்கள் தலைமுறைக்கு ஓய்வு வயது 68.

இந்தப் பக்கத்தில், தனியார் துறை ஊழியர்களுக்கு இபிஎஃப்தான் ஓய்வுக்கால ஆதாரம். பிரிட்டனைப் போல எல்லோருக்குமான அரசு பென்ஷன் மலேசியாவில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் வருடங்களில் அந்தக் கணக்கு ஈவுத்தொகையில் மட்டும் வளரும். விருப்பச் சந்தாவாக வருடத்துக்கு 100,000 ரிங்கிட் வரை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அத்தை ஏற்கெனவே பூச்சோங் வந்துவிட்டார் என்றால், வீட்டுத் தபால்பெட்டியை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிப்படுத்த பிரிட்டிஷ் ஓய்வூதியத் துறை அவ்வப்போது ஒரு பாரத்தை அனுப்பும். சாட்சி ஒருவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு 16 வாரங்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். விளம்பரத் தாள்களோடு அதுவும் குப்பைக்குப் போய்விட்டால், உறைந்த பென்ஷனும் நின்றுவிடும்.